மலைக் காடும் கிராம சபையும்: திருவண்ணாமலை தரும் பாடம்

கார்த்திகைத் தீபத்தன்று அண்ணாமலையின் உச்சியை நோக்கிக் கை கூப்பாத குடியானவரை நம் மாவட்டத்தில் காண்பது அரிது. ஆயின், அம்மலையின் சரிவுகளில் எம்மரங்கள் நிற்கின்றன, அவற்றை நம்பி எவ்வுயிர்கள் வாழ்கின்றன, கோடையில் அங்கு நெருப்புப் பற்றுங்கால் அழிவது யாது என்பவற்றை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

காட்டுயிர்ப் பாதுகாப்பு என்றவுடன் முதுமலையும் முண்டந்துறையும் நம் நினைவுக்கு வருகின்றன. புலியும் யானையும் உலவும் பெருங்காடுகளுக்கு உரிய காரியம் அது என்றும், அதனைச் செய்ய வேண்டியது வனத்துறை மட்டுமே என்றும் நாம் கருதிவிடுகிறோம். இக்கருத்து முழுவதும் சரியன்று. ஊரை ஒட்டி நிற்கும் ஒரு தனி மலையில் காடு தழைப்பதும் தேய்வதும் பெரும்பாலும் சுற்றியுள்ள ஊர்களின் நடவடிக்கையைப் பொறுத்தன. இவ்வுண்மையை, மலையின் தென் அடிவாரத்தில் அமைந்த ரமணாசிரமப் பகுதியை முன்வைத்துப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையின் இயல்பு

அண்ணாமலை ஏறத்தாழ 2,668 அடி உயரமுடையது. அதனைச் சுற்றிச் செல்லும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளமுள்ளது. ஜவ்வாது மலையைப்போல் இது தொடர்ச்சியான மலைத்தொடர் அன்று. நாற்புறமும் வயல்களும் சாலைகளும் வீடுகளும் சூழ, நடுவே தனித்து நிற்கிறது. கடல் நடுவே ஒரு தீவு எவ்வாறோ, அவ்வாறே இம்மலை இங்குள்ள காட்டுயிர்களுக்கு அமைந்துள்ளது. இங்கு ஓர் இனம் அற்றுப்போனால், வேறொரு காட்டிலிருந்து அது தானே நடந்து வந்து சேரும் வழி மிகக் குறைவு. இதனை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

ஸ்ரீ ரமண மகரிஷி 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதியன்று திருவண்ணாமலைக்கு வந்தார். விரூபாட்ச குகையிலும், பின்னர் கந்தாசிரமத்திலும் தங்கியிருந்த அவர், 1922-க்குப் பின் அடிவாரத்தில் தங்கலாயினார். அங்கு எழுந்ததே இன்றைய ஆசிரமம். அதனை ஒட்டிப் பாலி தீர்த்தமும், சிறிது தொலைவில் சமுத்திரம் ஏரியும் உள்ளன. ஆசிரம வளாகத்தில் 1948-இல் மறைந்த லட்சுமி என்னும் பசுவுக்கும், அதனருகே ஒரு மானுக்கும், காகத்திற்கும், நாய்க்கும் சமாதிகள் உள்ளன. வாயில்லாப் பிராணிகளிடத்து அன்பு பாராட்டுதல் இப்பகுதிக்குப் புதிதன்று. ஆயினும், ஒரு மானிடம் அன்பு காட்டுவது வேறு. மானினம் வாழ்வதற்குரிய இடத்தைக் காப்பது வேறு. பின்னதற்கு அன்போடு அறிவும் உழைப்பும் கூட வேண்டும்.

நம் நிலத்திற்கு உரிய காடு

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய தமிழகப் பகுதியிலும், இலங்கையின் வடபகுதியிலும் ஒருவகைக் காடு உண்டு. அறிஞர்கள் இதனை வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காடு என்பர். இதன் மரங்கள் வானளாவ உயர்வதில்லை. பெரும்பாலும் முப்பது, நாற்பது அடியோடு நின்றுவிடும். இலைகள் சிறுத்தும் தடித்தும் இருக்கும். எனவே ஆண்டில் பல மாதங்கள் மழையின்றிப் போனாலும் அவை உதிர்ந்து விடுவதில்லை. வீரை, பாலை, கருங்காலி, நாவல் முதலியன இவ்வகைக் காட்டின் மரங்கள். அண்ணாமலையின் நிழலான பள்ளங்களிலும் ஓடைக் கரைகளிலும் இவ்வினத்தைச் சேர்ந்த மரங்களும், வெயில் மிகுந்த சரிவுகளில் உசில், வெப்பாலை போன்ற இலையுதிர் மரங்களும் வளரத்தக்கன.

இக்காடு இன்று மிகச் சுருங்கிவிட்டது. உழவுக்கும் விறகுக்கும் கரிக்குமாக வெட்டப்பட்டு, எஞ்சியவை பெரும்பாலும் கோயிற்காடுகளாகவே உள்ளன. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஊரார் ஐயனாருக்கு அஞ்சி அரிவாள் வைக்காத காரணத்தால் அங்குள்ள மரங்கள் பிழைத்தன. அத்தகைய காடுகளிலிருந்து விதை திரட்டியே, 1968-இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லின் செம்மண் பொட்டலில் மீண்டும் காடு வளர்த்தனர்.

ஆகவே, அழிவின் விளிம்பில் உள்ளவை என்று புலியையும் சிங்கத்தையும் மட்டும் எண்ணுதல் கூடாது. புள்ளிமான் இந்தியா முழுவதையும் நோக்கப் பெருமளவில் வாழும் விலங்கே. நம் பகுதியில் அருகிவருவது அது வாழ்வதற்குரிய காடு. இருப்பிடம் அழியுமாயின், இன்று மிகுதியாக உள்ள விலங்கும் நாளை அரிதாகும்.

புல்லும் நெருப்பும்

மலை எவ்வாறு மொட்டையாயிற்று என்பதை அறிந்தாலன்றி, அதனைப் பசுமையாக்கும் வழி விளங்காது. மரம் வெட்டுதலும், ஓயாத மேய்ச்சலும் முதற் காரணங்கள். ஆயின், வெட்டப்பட்ட காடு மீண்டும் தலையெடுக்கவொட்டாமல் தடுத்தது நெருப்பேயாகும்.

மரநிழல் நீங்கிய சரிவில் எலுமிச்சை மணம் வீசும் உயரமான புல் பரவுகிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்தபின், ஜனவரி முதல் அப்புல் காயத் தொடங்குகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் அது வைக்கோற்போர் போலாகிவிடும். அப்போது அணைக்கப்படாத ஒரு பீடித்துண்டோ, புதுத்தளிர் வேண்டி வைக்கப்படும் தீயோ, பாதையோரம் குப்பை கொளுத்துவதால் பறக்கும் பொறியோ போதும். காற்றின் போக்கில் நெருப்பு மேல்நோக்கி ஓடுகிறது.

நெருப்பில் புல் சாவதில்லை. அதன் வேர் மண்ணுக்குள் பத்திரமாக இருப்பதால் முதல் மழையில் மீண்டும் தளிர்க்கிறது. சாவது மரக்கன்றே. ஓராண்டு, ஈராண்டுக் கன்றுக்குத் தடித்த பட்டை இல்லை. நெருப்பின் உயரத்திற்கு மேற்பட்ட கிளையும் இல்லை. கன்று சாகவே நிழல் உண்டாவதில்லை. நிழல் இன்மையால் புல் மேலும் பரவுகிறது. புல் பரவப் பரவ அடுத்த ஆண்டின் நெருப்பு மேலும் மூர்க்கமாகிறது. இச்சக்கரம் சுழலும்வரை ஆயிரம் கன்று நட்டாலும் பயனில்லை. ஐந்தாறு ஆண்டுகள் நெருப்புப் படாமல் காத்தால், கன்றுகள் தலைக்குமேல் உயர்ந்து நிழல் தரும்; நிழலில் புல் மெலியும்; அதன்பின் நெருப்புக்கு இரை குறையும்.

ஆதலின், காடு வளர்ப்பில் முதல் வேலை நடுதல் அன்று; நெருப்பைத் தடுத்தலே. கட்டுரையின் தலையாய செய்தி இதுவே.

1988-க்குப் பின் நடந்தது

1980-களின் இறுதியில் மலை பெரும்பாலும் பாறையும் புல்லுமாகவே காட்சியளித்தது. 1988-ஆம் ஆண்டில் அண்ணாமலை மறுவனமாக்கல் சங்கம் தோன்றியது. ஆஸ்திரேலிய நாட்டின் மழைக்காட்டுத் தகவல் மையத்தைச் சேர்ந்த ஜான் சீட் என்பார் இதற்கு நிதி திரட்டி உதவினார். அருணாசலேசுவரர் கோயிலின் மதில்களுக்கு இடையே தரிசாகக் கிடந்த இடம் பெரிய நாற்றங்காலாக மாற்றப்பட்டது. பின்னர் வேறு தொண்டு அமைப்புகளும், வனத்துறையும், அக்கம்பக்கத்து ஊர்களின் உழைப்பாளிகளும் இப்பணியைத் தொடர்ந்தனர்.

இவர்கள் கைக்கொண்ட முறைகளில் நமக்குப் பயன்படுவன மூன்று. முதலாவது, கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு அமைத்தல். சரிவின் குறுக்கேயும் வரம்பிலும் ஓர் அகன்ற பட்டையில் புல்லையும் சருகையும் முற்றிலும் நீக்கிவிட்டால், ஓடி வரும் நெருப்பு இரையின்றி அங்கே நின்றுவிடும். கோடு அகலமாகவும் இடைவெளி இன்றியும் இருத்தல் வேண்டும். இரண்டு முழம் புல் விடுபட்டாலும் நெருப்பு அதன் வழியே தாண்டிவிடும். இரண்டாவது, நெருப்பைக் கண்டவுடன் ஓடிச்சென்று பச்சைத் தழைக் கிளைகளால் அடித்து அணைக்கப் பழகிய ஆட்களை ஆயத்தமாக வைத்திருத்தல். மூன்றாவது, இம்மண்ணுக்கு உரிய மரங்களின் விதைகளைத் திரட்டிக் கன்றாக்கி மழையில் நடுதல்.

இன்று ஆசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமத்திற்கு ஏறும் பாதையில் நடப்போர் நிழலில் நடக்கின்றனர். பழைய நிழற்படங்களில் அவ்விடம் வெறும் பாறையாகக் காணப்படுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பின் பயன் இது. எனினும் ஒரே ஒரு கோடை நெருப்பு இதில் பல ஆண்டுகளின் பயனை ஒரு பிற்பகலில் அழித்துவிட வல்லது.

நடாமல் நடுவோர்

காட்டை வளர்ப்பவர் மனிதர் மட்டுமல்லர். நாவற்பழத்தையும் அத்திப்பழத்தையும் தின்ற கொண்டைக் குருவியும் குயிலும் மைனாவும் வேறிடம் பறந்து சென்று எச்சமிடுகின்றன. அதிலுள்ள விதை, எவரும் ஏற இயலாத பாறையிடுக்கிலும் முளைக்கிறது. ஆல், அரசு, அத்தி இனங்களின் பூக்களில் மகரந்தத்தைச் சேர்ப்பது கொசுவினும் சிறிய ஒருவகைக் குளவி. அநேகமாக ஒவ்வோர் அத்தி இனத்திற்கும் தனித்தனிக் குளவி இனம் உண்டு. இம்மரங்கள் எல்லாம் ஒரே காலத்தில் பழுப்பதில்லை. ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று பழுக்கும். எனவே ஆண்டு முழுவதும் பறவைகளுக்கு உணவு கிடைக்கிறது. ஊர்ப் பொதுவிடத்தில் நிற்கும் ஓர் ஆலமரத்தை வெட்டுவது, மலைக்கு விதை சுமக்கும் பறவைகளின் உணவுச்சாலையை மூடுவதற்கு ஒப்பாகும்.

சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும் விரைந்து பரவிப் பசுமையாகத் தோன்றினும், தம் அடியில் பிற மரங்களை வளரவிடா. பிறநாட்டிலிருந்து வந்த இவற்றை நீக்கி, நம் மரங்களை நடுவதற்கென 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. நீக்கிய இடத்தை வெறுமனே விட்டால் அவையே மீண்டும் முளைக்கும். வேரோடு பறித்து, அவ்விடத்தில் உடனே வேம்பு, புங்கம், இலுப்பை, நாவல் ஆகியவற்றை நடுதல் வேண்டும்.

மானும் நாயும்

மலைச்சரிவில் புள்ளிமான்கள் வாழ்கின்றன. பெட்டை மான் ஏறத்தாழ ஏழரை மாதம் சினை சுமந்து ஒரே ஒரு குட்டியையே ஈனும். ஆகவே சிறு மந்தையில் சில மான்கள் இறப்பினும் அவ்விழப்பு விரைவில் ஈடாவதில்லை. கோடையில் மலைச்சுனைகள் வற்றியதும் அவை நீர் தேடி அடிவாரத்திற்கு இறங்குகின்றன. அங்கே காத்திருப்பவை தெருநாய்கள். நாய்கள் கூட்டமாகத் துரத்த, மான் வேலியில் சிக்கியோ, சாலையில் வண்டியில் மோதியோ, சுவரில்லாக் கிணற்றில் விழுந்தோ மாள்கிறது.

நாய்கள் பெருகக் காரணம் நாமே. கிரிவலப் பாதையோரம் கொட்டப்படும் எச்சில் இலையும் உணவும் அவற்றைப் பெருக்குகின்றன. பிளாஸ்டிக் பையோடு எறியப்படும் பண்டத்தை மானும் மாடும் பையோடு விழுங்கி நோயுறுகின்றன. குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுப்பதைப் புண்ணியம் எனக் கருதுவோர் பலர். அவ்வாறு பழகிய குரங்குகள் காட்டில் இரை தேடுவதை விட்டு வீட்டுக் கூரையைப் பிரிக்கத் தலைப்படுகின்றன. குப்பையை நாள்தோறும் அகற்றுதலும், 2023-ஆம் ஆண்டின் விதிகளின்படி நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்வித்தலும் உள்ளாட்சியின் கடமைகள். மானைக் காக்கும் முதல் வேலி ஊர்ச் சுகாதாரமே எனலாம்.

விவசாயியின் கேள்வி

"மானும் மயிலும் எங்கள் கடலைச் செடியை அழிக்கின்றன, அவற்றைக் காக்கும்படி எங்களிடமே கூறுகிறீர்களே" என்று விவசாயிகள் நம்மிடம் கேட்பதுண்டு. இக்கேள்வி நியாயமானது. கடன் வாங்கி விதைத்தவனுக்கு ஓர் இரவில் நேரும் நட்டம் சிறிதன்று. அதனைக் கேலியாகவோ குறையாகவோ கருதலாகாது.

ஆயின், மான் ஏன் இறங்கி வருகிறது என்பதையும் சிந்திக்க வேண்டும். மலையில் நெருப்பு ஓடியபின் இலையும் இல்லை, நீரும் இல்லை. தீப்பட்ட சரிவை விட்டு இரைக்காக அது வயலுக்கு வருகிறது. மலையில் காடும் சுனையும் செழித்திருந்தால் கீழே இறங்கும் தேவை குறையும். முற்றிலும் நீங்கும் என்று நாம் கூறவில்லை. குறையும் என்றே கூறுகிறோம். மலையோரத் தோட்டங்களைச் சுற்றி முள்வேலித் தாவரங்களை நெருக்கமாக நடுதலும், அறுவடைக் காலத்தில் அயலார் முறை வைத்துக் காவல் காத்தலும் கைகண்ட வழிகள். சேதம் நேர்ந்தால் வனச்சரக அலுவலகத்தில் உடனே எழுத்து மூலம் முறையிட வேண்டும். வேலியில் மின்சாரம் பாய்ச்சுதல் சட்ட விரோதமானது. மானோடு மனிதரையும் கொல்லும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மானையோ, 1963 முதல் நம் தேசியப் பறவையாக விளங்கும் மயிலையோ கொல்லுதல் தண்டனைக்குரிய குற்றமாகும்.

காட்டினால் விவசாயிக்கு நேரடியான ஆதாயமும் உண்டு. மொட்டைப் பாறையில் விழும் மழை ஒரு நாழிகைக்குள் ஓடிவிடும். மண்ணையும் வாரிச் சென்று ஏரியைத் தூர்க்கும். சருகும் வேரும் நிறைந்த மண்ணோ நீரைப் பிடித்து மெல்லக் கசியவிடும். அடிவாரத்துத் தீர்த்தங்களும் ஏரிகளும் கிணறுகளும் அதனாலேயே நிறைகின்றன.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியன்று, பெஞ்சல் புயலின் பெருமழையில் இம்மலையில் சரிவு ஏற்பட்டு, வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதையுண்டு, குழந்தைகள் உள்ளிட்ட ஏழு பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு தீபத்தன்று மலையேறப் பக்தர்களுக்கு அனுமதி அளிக்கப்படவில்லை. மரம் இருப்பின் எச்சரிவும் நேராது என்று கூறுதல் பொருந்தாது. அத்துணைக் கடுமையான மழையில் காடும் தோற்கக்கூடும். ஆயினும் நீரோடும் வழியில் வீடு கட்டலாகாது என்பதையும், சரிவின் மண்ணைப் பிடித்து நிறுத்தும் வேர்களை அழிக்கலாகாது என்பதையும் அத்துயரம் நமக்கு உணர்த்துகிறது.

சட்டம் தந்துள்ள கருவி

2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மயச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அமைக்க வேண்டும் என விதித்துள்ளது. இக்குழு ஊராருடன் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை எழுதி வைத்தல் வேண்டும். ஊரிலுள்ள மரம், மூலிகை, பறவை, விலங்கு, மீன், பயிர் வகை, அவற்றைப் பற்றி முதியோர் அறிந்துள்ள செய்திகள் யாவும் அதில் இடம்பெறும்.

பதிவேடு அலமாரியில் உறங்குவதற்கு அன்று. பத்து ஆண்டுகளுக்கு முன் எந்தச் சுனையில் கோடையிலும் நீர் நின்றது, எந்தச் சரிவில் ஆண்டுதோறும் தீ பற்றுகிறது, எவ்விடத்தில் மான் சாலையைக் கடக்கிறது என்பன எழுத்தில் இருந்தால், புதிய உறுப்பினர்கள் வரும்போதும் வேலை தொடரும். ஆடு மேய்ப்போரும் விறகு பொறுக்கும் பெண்களும் அறிந்த அளவு மலையை அறிந்தவர் வேறெவரும் இலர். அவர்களைக் குழுவில் சேர்க்காத பதிவேடு குறைபாடுடையதே.

ஆண்டு முழுவதற்குமான திட்டம்

கிராம சபை கூடும் நாட்களோடு மலையின் பருவங்களைப் பொருத்திக்கொள்வது எளிது.

ஜனவரி 26: புல் காயத் தொடங்கும் காலம். தீத்தடுப்புக் கோடு எங்கெங்கே வேண்டும் என்பதை வனத்துறையோடு கலந்து முடிவு செய்து, பிப்ரவரி பிறக்குமுன் வேலையை முடிக்க வேண்டும். தீக்காவல் ஆட்களின் பெயர்ப் பட்டியலையும் அன்றே படிக்க வேண்டும். வனத்துறையின் இசைவோடு காய்ந்த புல்லை அறுத்து எடுத்தால் கால்நடைக்கும் கூரைக்கும் ஆகும். நெருப்புக்கும் இரை குறையும்.

மார்ச் 22: உலகத் தண்ணீர் நாள். சுனைகளையும் தீர்த்தங்களையும் தூய்மை செய்தல், திறந்த கிணறுகளுக்குச் சுவர் எழுப்புதல் ஆகியவற்றை இக்கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

மே 1: அவ்வாண்டு எங்கெங்கே தீப்பற்றியது, காரணம் யாது என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அடுத்து வேம்பும் நாவலும் பழுக்கும். வேப்பவிதையும் நாவல்விதையும் சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழப்பவை. எனவே திரட்டியவுடன் ஊன்றிவிட வேண்டும். பள்ளிச் சிறுவர்களை இதில் ஈடுபடுத்தலாம்.

ஆகஸ்டு 15: நாற்றங்காலில் உள்ள கன்றுகளைக் கணக்கெடுத்து, நடும் இடங்களைக் குறித்துக் குழி வெட்டத் தொடங்க வேண்டும்.

அக்டோபர் 2: வடகிழக்குப் பருவமழைக்கு முன் குழிகள் ஆயத்தமாக வேண்டும். நல்ல மழை பெய்து மண் ஊறியபின் நடுக. மலைச்சரிவில் நட்ட கன்றைச் சுற்றிச் சருகு மூடாக்கும், மேற்புறம் கல்வரம்பும் இருத்தல் நலம்.

நவம்பர் 1: உள்ளாட்சி நாள். தீபத் திருவிழாவிற்கும் கிரிவலத்திற்கும் வரும் பெருங்கூட்டத்தால் சேரும் குப்பையை அகற்றும் ஏற்பாட்டை இக்கூட்டத்தில் உறுதி செய்ய வேண்டும்.

மலையின் பெரும்பகுதி வனத்துறையின் பொறுப்பில் உள்ளதாகையால், அங்குச் செய்யும் எவ்வேலைக்கும் அத்துறையின் அனுமதி இன்றியமையாதது. காப்புக்காட்டில் தீ வைத்தல் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் ஊரில் பறை அறிவிப்பதுபோல் எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும்.

முடிவுரை

தமிழ்நாட்டில் காடும் மரமுமாக மூன்றில் ஒரு பங்கு நிலம் பசுமையாக இருத்தல் வேண்டும் என்பது அரசின் குறிக்கோள். 1952-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையும் நாடு முழுமைக்கும் அவ்வளவையே குறித்தது. இக்குறிக்கோள் தலைநகரில் கையெழுத்தாவதால் நிறைவேறுவதன்று. ஒவ்வோர் ஊரும் தன் எல்லையிலுள்ள குன்றையும், ஏரிக்கரையையும், கோயிற்காட்டையும் காப்பதாலேயே நிறைவேறும்.

திருவண்ணாமலையில் நடந்தது நம் சக்திக்கு அப்பாற்பட்டதன்று. புல் அறுக்கும் அரிவாள், பச்சைக் கிளை, நாற்றங்காலுக்குச் சிறிது நீர், தவறாது ஆண்டுதோறும் வரும் ஆட்கள் ஆகியவையே அங்குப் பயன்பட்ட கருவிகள். வாசகர்கள் தத்தம் ஊர்களில் வரும் ஜனவரி 26-ஆம் தேதிக் கிராம சபையில் தீத்தடுப்பைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவந்து, அதனைச் செயலிலும் காட்ட முன்வருவார்களாக.

கிராம சபையில் விவாதிப்பதற்கு

1. நம் ஊர் எல்லையில் ஆண்டுதோறும் தீப்பற்றும் இடங்கள் எவை? காரணம் யாது?

2. கோடையிலும் நீர் நிற்கும் சுனை, குட்டை, தீர்த்தங்கள் எத்தனை? அவற்றுள் தூர்ந்தவை எவை?

3. பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் ஆடு மேய்ப்போரும் பெண்களும் இடம்பெற்றுள்ளனரா?

4. நம் ஊர் நாற்றங்காலில் இம்மண்ணுக்கு உரிய மரங்கள் எத்தனை வகை உள்ளன?

5. சுவரில்லாத கிணறுகள் எங்கெங்கே உள்ளன? அவற்றுக்குச் சுவர் எழுப்பும் பொறுப்பு யாருடையது?